ஒளிக்கலையின் கதை – 9: ஒரு வரி விதி, ஒரு சுவர் நிறையப் பூ

பாசி பூக்காது. ஆனாலும், இன்று உலகின் பெரிய அரங்குகளில் சுவரெங்கும் மலர்ந்து உதிரும் ஒளிப்பூக்களின் வம்சாவளியைத் தேடிப் போனால், வேரில் கிடப்பது ஒரு பாசி இழைதான்.

சென்ற இதழில் நாம் நின்ற இடம் ஸ்டுட்கார்ட், ஆண்டு 1965. கியோர்க் நீஸ் கணினியைக் கொண்டு வரைந்த படங்கள் அங்கே சுவரேறின. கோடுகள், சதுரங்கள், கொஞ்சம் திட்டமிட்ட குழப்பம். பேனா பிடித்த இயந்திரம் கையை எடுத்ததும் படம் முடிந்துவிடும். அதற்குமேல் அதில் எதுவும் நடக்காது. மூன்றாண்டு கழித்து, கலையுலகத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தார். தீர்த்துவைக்கிறோம் என்று அவருக்கே தெரியாது.

அவர் ஆரிஸ்டிட் லிண்டன்மேயர். ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர். பிற்காலம் முழுவதையும் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கழித்தவர். இழை இழையாக நீளும் பாசி போன்ற உயிரிகளில் செல்கள் எந்த ஒழுங்கில் பிரிகின்றன என்பதை எழுதிவைக்க 1968ல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். அதன் மிக எளிய வடிவத்துக்கு இரண்டே எழுத்து போதும். முதிர்ந்த செல்லுக்கு ‘க’, இளம் செல்லுக்கு ‘ச’ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் ‘க’ இருக்கும் இடத்தில் ‘கச’ என்று எழுத வேண்டும். ‘ச’ இருக்கும் இடத்தில் ‘க’ என்று எழுத வேண்டும். ‘க’வில் தொடங்கினால் அடுத்தது ‘கச’, பிறகு ‘கசக’, பிறகு ‘கசககச’. நீளத்தை எண்ணிப் பாருங்கள்: 1, 2, 3, 5. தொடர்ந்தால் 8, 13, 21. எல்லாம் ஃபிபனாச்சி எண்கள். சூரியகாந்தியின் நடுத்தட்டில் இடமும் வலமுமாகச் சுழன்றோடும் வரிசைகளை எண்ணினாலும் பெரும்பாலும் 34, 55 என்று இதே பட்டியலிலிருந்துதான் விடை வரும்.

இந்த விளையாட்டில் முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. எல்லா எழுத்தும் ஒரே நொடியில் மாற வேண்டும். மனிதர் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின் இரண்டாவது வருகிறது. செடி அப்படிக் காத்திருப்பதில்லை. நுனியிலும் கணுவிலும் மொட்டிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கிறது. லிண்டன்மேயரின் முறை அந்த ஒருசேர நடக்கும் வளர்ச்சியை அப்படியே பிடித்தது. பின்னாளில் திரையில் பூக்கப்போகும் பூக்கள் உயிருள்ளவைபோலத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எழுத்து வரிசையிலிருந்து படம் எப்படி வரும்? கனடாவில் பணியாற்றிய போலந்துக்காரர் பிரெமிஸ்வாஃப் புருசிங்கியேவிச் 1980களில் அதற்கு வழி சொன்னார். குழந்தைகளுக்கான லோகோ கணினி மொழியில் கட்டளைக்கு ஏற்ப நகர்ந்து கோடு போடும் ஆமை ஒன்று உண்டு. அந்த ஆமையிடம் இந்த எழுத்து வரிசையை ஒப்படைத்தார். ஓர் எழுத்துக்கு முன்னே போ, இன்னொரு குறிக்குத் திரும்பு. அடைப்புக்குறி திறந்தால் நிற்கும் இடத்தை நினைவில் வை. மூடினால் அங்கேயே திரும்பி வா. திறந்த அடைப்புக்குள் ஓடிய கோடு கிளையாயிற்று, கிளை நுனியில் பூ வந்தது. லிண்டன்மேயரும் அவரும் சேர்ந்து எழுதிய ‘தி அல்காரித்மிக் பியூட்டி ஆஃப் பிளான்ட்ஸ்’ 1990ல் அச்சேறியபோது லிண்டன்மேயர் உயிரோடில்லை; முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்தின் சூரியகாந்திக்குப் பின்னால் ஹெல்முட் ஃபோகல் 1979ல் தந்த சூத்திரம் இருக்கிறது: ஒவ்வொரு புதிய விதையையும் முந்தையதிலிருந்து 137.5 பாகை திருப்பு, அதன் வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ற தூரத்தில் வை. வேறொன்றும் செய்ய வேண்டாம். தட்டு தானாக நிரம்பும்.

இந்த இடத்தில் கதை தாம்பரத்துக்கு வருகிறது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. கல்வெட்டெழுத்து, பல்லவர் சிற்பம் என்று எதையும் விட்டுவைக்காத மனிதர். அவரும், அவருடைய மனைவியும் கணினி அறிவியலாளருமான ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974ல் ஒரு சர்வதேச ஆய்விதழில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். கவிதைக்கு எழுதுவதுபோல அல்ல. கணினிக்குப் புரியும் கறாரான இலக்கணம். ஒரு கோலத்தின் சிறிய வடிவத்திலிருந்து அதே குடும்பத்தின் அடுத்த பெரிய வடிவத்துக்கு எந்த விதிகளைக் கொண்டு போகலாம் என்பதை அது சொன்னது.

இதில் தமிழ்நாட்டு வாசலுக்குப் புதிதாக எதுவும் இல்லை. பெண்கள் பத்திரிகைகளில் மார்கழி தோறும் வரும் கோலப் பக்கத்தைப் பாருங்கள்: ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை’ என்று ஒரு வரி இருக்கும். நடுவரிசையில் 15, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8 வரை. ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே. நேர்ப்புள்ளி என்றால் கணக்கு வேறு. அந்த ஒரு வரி கைக்கு வந்துவிட்டால், பழகியவருக்குப் பக்கத்திலிருக்கும் படம் ஓர் உபரிதான். தாமரையும் சங்கும் அந்தக் கட்டளையிலிருந்தே விரியும். சிரோமணி குழுவின் சாதனை, கை அறிந்திருந்ததைக் காகிதத்தில் கணிதமாக நிரூபித்தது.

பாசியும் கோலமும் ஒரே நூலில் கோக்கப்பட்டது 1989ல். முந்தைய ஆண்டு காலமான கிஃப்ட் சிரோமணியின் நினைவாக வந்த தொகுப்பில் புருசிங்கியேவிச், கமலா கிருத்திவாசன், எம். ஜி. விஜயநாராயணா மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். லிண்டன்மேயரின் விதிகளைக் கொண்டு தென்னிந்தியக் கோலங்களையும் கர்நாடக இசை வரிசைகளையும் உருவாக்குவது எப்படி என்பது அதன் பொருள். செடி வளர்க்கும் அதே விதி கோலமும் போட்டது, சுரமும் பாடியது. பூவையும் வடிவியலையும் இரு வேறு துறைகளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வைக்கும் கட்டுரை.

ஆனால் இதெல்லாம் இன்னும் காகிதமும் கணினித் திரையும்தான். அரங்குக்குள் ஆள் நுழையவில்லை.

நுழைந்தது 1992ல். தாவரவியல் படித்த ஆஸ்திரியக் கலைஞர் கிறிஸ்டா சொம்மரரும், பிரான்சைச் சேர்ந்த லோரான் மின்யோனோவும் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் மாணவர்களாக இருந்தபோது சந்தித்தார்கள். அவர்கள் செய்த முதல் கூட்டுப் படைப்பில் ஓர் இருட்டறை, ஒரு பெரிய திரை, திரைக்கு முன்னால் ஐந்து நிஜச் செடிகள். பெரணி, பாசம், கொடி, ஒரு மரக்கன்று, ஒரு கள்ளி. மனித உடலுக்கும் செடிக்கும் இடையே எப்போதும் சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டு. கையை அருகே கொண்டுபோனால் அது மாறும். அந்த மாற்றத்தைக் கணினி அளந்து, திரையில் செடி வளர்த்தது. பெரணியைத் தடவினால் திரையில் பெரணி. கொடியை நெருங்கினால் கொடி. கை எவ்வளவு அருகே, எவ்வளவு நேரம் என்பதற்கேற்ப அளவும் நிறமும் மாறின. கள்ளிக்கு மட்டும் வேறு வேலை: அதன் பக்கம் போனால் வளர்ந்ததெல்லாம் அழிந்துவிடும். கள்ளியை அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

இந்தப் படைப்பிலிருந்து பார்வையாளரின் வேலை மாறிவிட்டது. பார்ப்பவர் இனி தோட்டத்தின் ஒரு பகுதி. ஐந்தாண்டு கழித்து, 1997ல், அமெரிக்கக் கலைஞர் கார்ல் சிம்ஸ் தோக்கியோவின் ஐசிசி மையத்தில் இதை இன்னும் ஒரு படி தள்ளிக்கொண்டு போனார். 12 திரைகள், ஒவ்வொன்றிலும் கணினி உண்டாக்கிய விசித்திர வடிவங்கள். பிடித்த திரைக்கு முன்னால் தரையிலிருக்கும் உணரியில் ஏறி நின்றால் போதும். தேர்வானவை பிழைக்கும், கலந்து குட்டி போடும், மற்றவை மறையும். படைப்பின் பெயர் ‘கலாபகோஸ்’. டார்வினின் தீவுகள். இங்கே இயற்கைத் தேர்வு செய்தவர்கள் சீட்டு வாங்கி உள்ளே வந்த பொதுமக்கள். பூவுக்குப் பூ போகும் வண்டின் வேலையை மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டார் சிம்ஸ்.

மெக்சிகோ நகரில் 1959ல் பிறந்து, 1985 முதல் பாரிஸில் வாழும் மிகேல் ஷெவாலியே இந்த வழியில் வந்தவர்களில் அதிகம் சுற்றியவர். அவருடைய ‘ஃபிராக்டல் ஃப்ளவர்ஸ்’ தொடரில் பூக்கள் பட்டை தீட்டிய கல்போலக் கோணல் கோணலாக இருக்கும். விதையிலிருந்து முளைத்து, விரிந்து, வாடும். நடந்து போகிறவரின் பக்கம் சாயும். அழகுதான். ஆனால் அவருடைய உண்மையான பலம் தெரிந்தது, செடியை விட்டுவிட்டுத் தரைக்கு வந்தபோது.

2014. மொராக்கோவின் காசாபிளாங்காவில் சாக்ரே-கூர் என்ற வெள்ளை நிறக் கட்டடம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1930ல் போல் தூர்னோன் வடிவமைத்த தேவாலயம். நாடு 1956ல் விடுதலை பெற்றபின் வழிபாடு நின்று, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்கான கூடமானது. அந்தத் தரை முழுவதும் ஷெவாலியே ஒளிக் கம்பளம் விரித்தார். மொராக்கோவின் ஓட்டுப் பதிப்பு வேலைப்பாடு, நெய்த கம்பளம், நுண்ணுயிர்களின் பெருக்கம், கணினியின் சதுரப் புள்ளிகள் எல்லாம் கலந்து ஓடின. ஆள் கால் வைத்த இடத்தில் கோலம் கலைந்து வேறொன்றாயிற்று. கிறித்தவக் கட்டடம், இஸ்லாமிய வடிவியல், காலனியக் கடந்தகாலம். இவற்றையெல்லாம் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல் தரையில் விரித்துவிட்டார். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், சிலர் படுத்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு இத்தாலியின் அந்திரியா அருகே காஸ்டெல் தெல் மோந்தேயில் இன்னொரு கம்பளம். பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1240 வாக்கில் கட்டத் தொடங்கிய கோட்டை அது. எண்கோண முற்றம், சுற்றிலும் எட்டு கோபுரம், ஒவ்வொரு கோபுரமும் எண்கோணம். இத்தாலியின் ஒரு சென்ட் நாணயத்தில் இருப்பது இதுதான். கட்டடமே ஒரு விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கட்டியது என்பதால், ஒளி வந்து விழுந்தபோது பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வடிவியலின் இந்தப் பக்கத்துக்கு நீண்ட முன்கதை உண்டு. 2007ல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரு இயற்பியலாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது பலரைத் திகைக்க வைத்தது. இஸ்ஃபஹானில் 1453ல் கட்டப்பட்ட தர்ப்-இ இமாம் தலத்தின் சுவரில் இருக்கும் பின்னல் கோடுகள், ஐந்தே வகை ஓட்டு வடிவங்களைக் கொண்டு அமைந்தவை என்றும், ஏறத்தாழ ஒருபோதும் அதே ஒழுங்கில் திரும்ப வராத வகை என்றும் அவர்கள் காட்டினார்கள். மேற்கத்தியக் கணிதம் அந்த வகை ஒழுங்கைக் கண்டது 1970களில், ரோஜர் பென்ரோஸ் வழியாக. கொத்தனாருக்கு இந்தத் தேற்றம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஐந்து வடிவமும் அவற்றை ஒட்டும் முறையும் தெரிந்திருந்தது. விதி தன் வேலையைச் செய்தது.

இந்த மரபிலிருந்து வந்தவர் அனிலா கய்யூம் ஆகா. லாகூரில் பிறந்தவர், அங்கே தேசியக் கலைக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்று இண்டியானாபொலிஸில் ஆசிரியரானவர். அவர் வளர்ந்த ஊரில் பெண்கள் பெரும்பாலும் வீட்டிலேயே தொழுதார்கள். பள்ளிவாசலின் வேலைப்பாட்டை நின்று ரசிக்கும் வாய்ப்பு ஆண்களுக்கே. 2011ல் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போனபோது, யார் வேண்டுமானாலும் அந்த வடிவங்களுக்கு நடுவே நிற்கலாம் என்பது அவரை உலுக்கியது. 2013ல் ‘இன்டர்செக்ஷன்ஸ்’ பிறந்தது. ஆறரை அடி மரப்பெட்டி. ஆறு முகத்திலும் பூவும் வடிவியலும் பின்னிய துளைகள், லேசர் கொண்டு வெட்டியவை. பெட்டிக்குள் ஒரே ஒரு விளக்கு. அவ்வளவுதான் கருவி.

விளக்கு எரிந்ததும் அறையின் தரை, சுவர், கூரை எல்லாம் நிழற்பூக்களால் நிறைந்துவிடும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், எந்த மதமாக இருந்தாலும், அதே நிழல் அவர் சட்டையிலும் முகத்திலும் விழும். 2014ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடந்த ஆர்ட்பிரைஸ் போட்டியில் மக்கள் வாக்குப் பரிசும் நடுவர் பரிசும் (இதை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு) இந்தப் பெட்டிக்குக் கிடைத்தன. மொத்தம் 3,00,000 டாலர். கூட்டமும் நடுவரும் ஒரே படைப்பில் கைவைத்தது அந்தப் போட்டியில் அதுவே முதல் முறை. இந்தத் தொடரில் இனி எத்தனையோ ப்ரொஜெக்டர்களைப் பார்க்கப் போகிறோம். ஒற்றை விளக்கு சாதித்ததை அவற்றில் பெரும்பாலானவை எட்டவில்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

ப்ரொஜெக்டர் என்றதும் தோக்கியோ வராமல் போகாது. தோஷியுகி இனோகோவும் அவருடைய நண்பர்களும் 2001ல் தொடங்கிய குழு டீம்லேப். பொறியாளர், கணிதக்காரர், கட்டடக்கலைஞர், அனிமேஷன் கலைஞர் என்று நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வேலை செய்யும் இடம். படைப்பில் தனியொருவர் பெயர் இருக்காது. அவர்கள் ஆசான் என்று மதிப்போரில் ஒருவர் 18ஆம் நூற்றாண்டு கியோத்தோவின் இதோ ஜாகுசூ. மலர்த் தோட்டத்தில் விலங்குகளும் பறவைகளும் நிற்கும் மடிப்புத் திரை ஒன்றைப் பல்லாயிரம் சிறு சதுரங்களாகப் பிரித்து, சதுரம் சதுரமாக வண்ணம் தீட்டிய ஓவிய மரபு அவர் பெயரில் இருக்கிறது. கணினித் திரை வருவதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே பூவைப் புள்ளிகளாகப் பிரித்தாயிற்று. அந்தத் திரையை 2013ல் டீம்லேப் அசையும் படமாக்கியது.

ஆனால் அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது வேறு தோட்டம். கியூஷூ தீவின் குனிசாகி தீபகற்பத்துக்கு ஒரு வசந்தத்தில் போனபோது மலையில் செர்ரியும் அடிவாரத்தில் கடுகினப் பூக்களும் பூத்திருந்தன. இவற்றில் எவ்வளவு மனிதர் நட்டது, எவ்வளவு தானாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் குழப்பமே படைப்பாயிற்று. ஓராண்டின் பூக்கள் ஒரு மணி நேரத்தில் சுவரில் மாறிமாறிப் பூக்கும். அசையாமல் நின்றால் சுற்றிலும் பூ பெருகும். தொட்டாலோ நடந்தாலோ இதழ்கள் உதிர்ந்து மடியும். முன்பே பதிவுசெய்த காட்சி எதுவும் இல்லை. கணினி அந்தந்த நொடியில் வரைவதால், ஒருமுறை போன காட்சி திரும்ப வராது.

‘அசையாதே, பூக்கும்’ என்ற அந்த ஒற்றை விதியில் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய தோட்டங்கள் எல்லாம் ஏதாவது செய்யச் சொன்னவை. இது சும்மா இருக்கச் சொன்னது. சோதனை வந்தது கூட்டத்தின் வடிவில். 2018 ஜூன் மாதம் தோக்கியோவின் ஒதைபாவில் 10,000 சதுர மீட்டரில் ‘பார்டர்லெஸ்’ அருங்காட்சியகம் திறந்தது. 520 கணினி, 470 ப்ரொஜெக்டர். முதல் ஆண்டில் மட்டும் சுமார் 23 லட்சம் பேர். அத்தனை பேரும் கையில் கைபேசியோடு நல்ல மூலை தேடி நகர்ந்துகொண்டே இருந்தால் பூ எங்கே நிற்கும்? விமர்சகர்கள் இதை செல்ஃபிக் கூடம் என்று கேலி செய்ததில் உண்மை இருக்கிறது. ஆனால் விதி அதைப் பொருட்படுத்தவில்லை. நகர்ந்தவர்களுக்கு உதிர்த்தது, நின்றவர்களுக்குப் பூத்தது. ஒதைபா அரங்கு 2022 ஆகஸ்டில் மூடப்பட்டு, 2024 பிப்ரவரியில் அசாபுதாய் ஹில்ஸில் மீண்டும் திறந்தது.

தோக்கியோவின் தொயோசு பகுதியில் அவர்களுடைய இன்னொரு அரங்கான ‘பிளானெட்ஸ்’ இருக்கிறது. அங்கே 2021 முதல் ஒரு வேடிக்கை நடக்கிறது. பூவைத் திரையில் வளர்த்தது போதும் என்று 13,000க்கும் மேற்பட்ட நிஜ ஆர்கிட் செடிகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மண் இல்லாமல், காற்றின் ஈரத்தை உறிஞ்சி மரக்கிளைகளில் வாழும் வகை என்பதால் அந்தரத்தில் பிழைக்கின்றன. ஆள் நெருங்கினால் பூக்கள் மேலே எழுந்து வழிவிடும். கடந்துபோனால் பின்னால் இறங்கி மூடும். வளர்ச்சி விதி செடியிடமே திரும்பப் போய்விட்டது. கணினியிடம் மிச்சமிருப்பது ஏற்றி இறக்கும் வேலை. வாசனையும் வேளைக்கு வேளை மாறுகிறது. காலை, மதியம், இரவு என்று தங்களைத் தேடி வரும் பூச்சிகளின் நேரத்துக்கு மணக்கும் வழக்கத்தை அந்தச் செடிகள் விடவில்லை, பூச்சி எதுவும் அங்கே வராவிட்டாலும்.

நிஜச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். 1992ன் திரைச்செடிகளுக்கு அது உதவாது. அவற்றை வளர்த்த சிலிக்கான் கிராஃபிக்ஸ் கணினிகளைச் செய்த நிறுவனம் திவாலாகிவிட்டது, உதிரிபாகமும் அரிது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் இசட்கேஎம் கலைமையம் போன்ற இடங்கள் இப்படிப்பட்ட தோட்டங்களை எப்படிக் காப்பாற்றப் பார்க்கின்றன என்பது அடுத்த இதழில்.